வரிவடிவும் ஒலிவடிவும்

அரசு எழுத்தை மாற்றின் மொழியும் உடன் மாறும் என்பார் சிலர் உளர். வரிவடிவு வேறு, ஒலிவடிவு வேறு என்னும் நம் இலக்கண மரபை அவர் மறந்தனர் போலும்.

திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி பாழி ஈந்த செய்தியைத் தமிழ்ப் பிராமியிற் கூறும். செங்கத்து நடுகற்கள் பல்லவர் ஆட்சியாண்டு குறிப்பினும் வட்டெழுத்தினவே. அப்பல்லவரோ தம் செப்பேடுகளிற் கிரந்தமும் தமிழெழுத்தும் மேற்கொண்டனர். ஆதலின் மன்னன் ஆண்டை ஏற்ற ஊரார் அவன் எழுத்தை உடனே ஏற்றிலர் என்பது பெறப்படும். பின்னர்ச் சோழர் காலத்தே திருக்கோவலூர் வீரட்டானச் சுவர்களில் தமிழெழுத்தே நிலைபெற்றது.

வரி இவ்வாறு மாறியும் அஞ்சியின் பெயர் மாறிற்றில்லை. ஏடு பெயர்த்தெழுதினோர் புறநானூற்றில் அதனைக் காத்தமையின், கல்லைக் கண்டார் அவனை எளிதின் அறிந்தனர். கல்வராயன் மலைவாழ் மலையாளிகளும் தம் முன்னோர் காஞ்சியினின்று போந்த வரலாற்றை வாய்மொழியாகவே வழங்கி வந்துள்ளனர்.

சித்தாந்தம் கூறும் சூக்குமை முதல் வைகரி ஈறாகிய நால்வகை வாக்கினுள் வரிவடிவு ஒன்றாகாமை ஈண்டு நோக்கற்பாலது. எனினும் வரி வேண்டாவென்பது எம் கருத்தன்று. வட்டெழுத்துப் படிப்பார் அருகின், ஊர் காக்க உயிரீந்தான் பெயர் கல்லிலிருந்தும் இல்லாததேயாம். அன்பர்கள் அதனைப் பயில்வாராக.