தம்பிமார் யார் பக்கம்?

'கொட்டாரம்' என்ற எங்கள் ஊர்ப்பெயருக்கு அரண்மனை என்று பொருள். அரண்மனைச் சண்டை ஒன்றுக்கு இங்கே இரண்டு சரித்திரம் உண்டு. சி. வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' என்ற மலையாள நாவலில், மன்னர் ராமவர்மாவின் புதல்வர்களான தம்பிமார், மருமக்கள் வழி மரபை மீறி அரியணைக்கு ஆசைப்பட்ட சதிகாரர்கள். நம் வில்லுப்பாட்டான 'தம்பிமார் கதை'யிலோ, மன்னர் அவர்கள் தங்கையைப் பெண் கேட்டதில் பகை முளைக்கிறது; தம்பிமார் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறார்கள்.

1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை பிரித்தவர்கள் கதைகளைப் பங்கு போடவில்லை. நாவல் மலையாளிக்கு, பாட்டு தமிழனுக்கு என்று நாமே பிரித்துக்கொண்டோம். நாவல் அருமையானதுதான்; ஆனால், ராஜ்யம் பிழைத்த மகிழ்ச்சியில் அது செத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. பாட்டு அந்த வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. ஒன்றை மட்டும் அறிந்தவன் சரித்திரம் பேசினால், நான் பாதிதான் நம்புவேன்.