மத்தும் துருவலையும்

மேச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆட்டைத்தான் சொல்வார்கள். செம்பழுப்பு நிறம், கம்பளி இல்லாத குட்டை முடி, கறிக்கும் தோலுக்கும் பேர்போன இனம். அதற்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பால்கூடச் சேராத சமையலைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் ஆட்டை வளர்த்தவர்கள் அதைச் சந்தைக்கு ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து களிதான் தின்றார்கள். கறி எடுப்பது நோம்பிக்கும், விருந்தாள் வந்தாலும், பிற்பாடு ஞாயிற்றுக்கிழமைக்கும். மிச்ச நாளெல்லாம் கீரை, பயிறு, கத்திரிக்காய்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் லீவுக்கு வந்தபோது, இனிப் பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம், தான் வீகன் என்று அறிவித்தாள். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் உண்டாக்கிய சொல் அது. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். அம்மாவுக்கு இரண்டு சொல்லுமே விளங்கவில்லை. “அப்படின்னா என்னதான் கண்ணு திம்ப?” என்று கேட்டுக்கொண்டே, அன்றைக்கு ஆக்கியிருந்ததை எடுத்து வைத்தார். களி, பண்ணைக்கீரைக் கடைசல், கடலைச் சட்னி, ஒரு சொம்பு மோர். மோரை மட்டும் தள்ளி வைத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டாள் அவள்.

அந்த மோர்ச் சொம்பைப் பற்றி இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து துணி தைத்துக் கொடுக்க ஓர் அக்கா வருவார். 1990இல் சின்னப் பெண்ணாகப் படகேறி வந்தவர். பேச்சு பாதி எங்கள் ஊர்ப் பேச்சாக மாறிவிட்டாலும், சமையல் என்று வந்தால் மட்டும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிடும். “எங்கட அம்மா வெள்ளிக்கிழமையில மோரும் தேடமாட்டா, நெய்யும் தேடமாட்டா, தங்கச்சி. ரெண்டு தேங்காய் இருந்தால் காணும்” என்றார். அடுத்த வாரம் எங்கள் அடுப்பிலேயே ஒரு சொதி வைத்தும் காட்டினார்.

அன்றிலிருந்து யார் வீட்டுக் குழம்பைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இது எதனால் கெட்டியாகிறது? இரண்டு கரைச் சமையலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தப் பதிலில் இருக்கிறது.

மேச்சேரியில் கடைந்து கெட்டியாக்குகிறோம். கூப்பிடு தூரத்தில் மேட்டூர் அணை. 1934இல் கட்டி முடித்தது. ஆனால் அதன் தண்ணீர் கீழே தஞ்சாவூருக்குப் போனது, மேட்டாங்காட்டுக்கு வெகுகாலம் ஏறவில்லை. வானம் பார்த்த நிலத்தில் சோளம், கம்பு, ராகி, கொள்ளு, துவரை, தட்டப்பயிறு, நிலக்கடலை. கிணறு உள்ளவன் வரப்பில்தான் நாலு தென்னை. தேங்காய் சாமிக்கு உடைக்கிற பொருள். உடைத்த மூடியைச் சட்னிக்கு வைத்துக்கொள்வார்கள். ஆகவே ருசிக்கும் கெட்டிக்கும் பயிறையே நம்ப வேண்டியிருந்தது. கொள்ளை வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு இறுத்துவிட்டு, பயிறைச் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகத்தோடு மண்சட்டியில் கடைவார்கள். கீரை என்றால் தக்காளி, பச்சை மிளகாய், கொஞ்சம் புளி. சட்டியைக் காலிடுக்கில் வைத்து மத்தை உருட்டுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் முழுச் சமையலும். மிக்சியில் அடித்தால் பச்சையாக நுரைத்து ஒரு பசை வரும். அம்மா அதைக் கடைசல் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. கடைசியில் கடலெண்ணெயில் கடுகும் வடகமும் தாளித்துக் கொட்டினால் தீர்ந்தது. இதில் எங்கேயும் மாட்டுக்கு வேலை இல்லை.

இலங்கையில் பிழிந்து கெட்டியாக்குகிறார்கள். தலைக்கு ஆண்டுக்கு நூறு தேங்காய்க்கு மேல் செலவாகும் நாடு அது. அங்கே சமையலின் முதல் சத்தம் துருவலையில் தேங்காய் துருவுகிற சத்தம். துருவிய பூவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் முதற்பால். திரும்பப் பிழிந்தால் இரண்டாம் பால். காயை இரண்டாம் பாலில் அவியவிட்டு, இறக்குகிற நேரத்தில் முதற்பாலை ஊற்ற வேண்டும். ஊற்றியபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரைந்துபோகும். சொதிக்கு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள். தேசிக்காய்ப் புளி அடுப்பை விட்டு இறக்கியபிறகுதான். நான் அவசரப்பட்டு அடுப்பிலேயே எலுமிச்சையைப் பிழியப் போக, தையல் அக்கா என் கையைத் தட்டிவிட்டார். கத்தரிக்காய்க்குப் பாற்கறி, வாழைக்காய்க்குப் பிரட்டல், முருங்கையிலைக்கு வறை. வறை என்பது நம் பொரியலின் பங்காளிதான். தேங்காய்ப்பூ மட்டும் தாராளமாக விழும்.

இவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட முடியுமா என்றால், முடியாது. கீரை விஷயத்தில் என் கணக்கு உடைந்தது. யாழ்ப்பாணத்திலும் கீரையைக் கடைகிறார்கள்! கடைந்தபின் தேங்காய்ப்பால் விட்டுத் தேசிக்காய் பிழிகிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கமும் சந்தகை செய்கிற அன்றைக்குத் தேங்காய்ப்பால் உண்டு. அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லி மாதிரி வேகவைத்து, சூட்டோடு பிழிந்தெடுப்பது சந்தகை. மாவைப் பிழிந்த பிறகு அவிப்பது அவர்கள் இடியப்பம். இங்கே தேங்காய்ப்பாலும் வெல்லமும் விருந்தாளிக்கு. அங்கே இடியப்பமும் சொதியும் கிழமை பார்க்காமல் வருகிற சாப்பாடு.

சொற்களிலும் இந்த வேறுபாடு படிந்திருக்கிறது. மேச்சேரியில் “கறி எடுத்தாச்சா?” என்றால் ஆட்டுக்கறி, வேறு அர்த்தமே கிடையாது. இலங்கையில் பருப்பும் கறி, பூசணியும் கறி, காய்கறிக்கே மரக்கறி என்று பெயர். நாம் கவுச்சி என்பதை அவர்கள் மச்சம் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பல வீடுகளில் மச்சச் சட்டி தனி, சைவச் சட்டி தனி. வெள்ளிக்கிழமையில் மச்சச் சட்டி கவிழ்ந்தே கிடக்கும். நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் மச்சம் தொடாத வீடுகள் ஏராளம். இங்கே அந்த இடத்தில் புரட்டாசி இருக்கிறது. பெருமாளுக்காக ஒரு மாதம் கறிக்கடைப் பக்கம் போகாதவர்கள், ஆட்டுக்குப் பேர்போன இந்த ஊரிலும் உண்டு.

இந்த நாள்கணக்குக்குப் பின்னால் இரண்டு பெரியவர்கள் நிற்கிறார்கள். வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிய பாலபாடத்திலேயே புலால் உண்ணலைக் கண்டித்துப் பாடம் வைத்தார். வடலூரில் 1867இல் தருமசாலை திறந்த வள்ளலார் ஜீவகாருண்யத்தையே வழிபாடாக்கினார். வள்ளலார் பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று இருவருக்கும் நடந்த சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது ஊரறிந்த கதை. இலையில் என்ன விழக்கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் வழக்கில்லை. ஆனால் இருவருமே பாலை விலக்கவில்லை. சைவம் என்று நாம் சொல்வதில் மாடு எப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

அதனால்தான் நனிசைவம் என்று இன்று ஒரு பிள்ளை கேட்கும்போது, இரண்டு கரையிலும் இரண்டு வேறு இடத்தில் இடிக்கிறது. இங்கே மோர். மிஞ்சிய களியை மறுநாள் மோரில் கரைத்து வெங்காயம் கடித்துக் குடிப்பது, கம்மங்கூழுக்கு மோர், பொங்கலுக்கு நெய், டீக்கடையில் கேட்காமலே பால். வெண்மைப் புரட்சிக்குப் பின் வீதிக்கு வீதி பால் சொசைட்டி வந்துவிட்டது. வீட்டுக் கறவையின் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் இது. அதை விடச் சொல்வது பழக்கத்தை விடச் சொல்வது மட்டுமில்லை.

இலங்கையில் தயிருக்கும் பாலுக்கும் சமையலில் அவ்வளவு இடமில்லை; பால்தேநீர்கூடப் பெரும்பாலும் இறக்குமதிப் பால்மாவில்தான். பிளேன் டீ கேட்டால் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை, இங்கே வரக்காப்பி கேட்டால் “உடம்புக்கு என்ன?” என்கிறார்கள். அங்கே இடிப்பது மாசி. மாலைத்தீவிலிருந்து வரும் சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டைபோல் காயவைத்தது மாசிக்கருவாடு. அதை இடித்துச் சம்பலில் தூவுவார்கள். சிங்கள வீட்டுப் பருப்பிலும் ‘மெல்லும்’ என்கிற கீரை வறையிலும்கூட அது இருக்கலாம். கடையில் வாங்கும் சீனிச்சம்பலில் அநேகமாக இருக்கும். தென்னிலங்கைச் சாப்பாட்டுக் கடையில் தட்டு முழுக்க மரக்கறியாகத் தெரிந்தாலும், “மாசி போட்டதா?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எனக்கென்னவோ மாசியை விடுவது எளிது என்றுதான் படுகிறது. அது மேலே தூவுகிற ருசி. மோர் அப்படியில்லை, சாப்பாட்டை முடித்துவைப்பது. அது இல்லாவிட்டால் எழுந்திருக்கவே தோன்றாது.

மோருக்கு மாற்று தேடி எங்கள் வீட்டில் நடந்த சோதனைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, வெதுவெதுப்பில் பச்சை மிளகாய்க் காம்பு நாலைந்து போட்டு மூடி வைத்தால் புளித்து உறையும். முதல் தடவை காம்பு போதாமல் வெறும் கடலைத் தண்ணீராகவே கிடந்தது. இரண்டாம் தடவை உறைந்தது. கடலை வாசனை போகவில்லை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுக்கு நீச்சத்தண்ணியே தேவலாம்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. முந்தின ராத்திரிச் சோற்றில் ஊற்றிவைத்த நீரில் களியைக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் போட்டால் புளிப்பு தானாகவே இருக்கிறது. மாடு வாங்க வக்கில்லாத வீடுகளில் எப்போதும் இப்படித்தான் குடித்தார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

பாலை விட்டால் எலும்பு என்னாகும் என்று கேட்பவர்களுக்கு ராகியைக் காட்டலாம். நூறு கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம். பசும்பாலில் அதே எடைக்கு 120 அளவுதான். அதில் உடம்பு எவ்வளவை எடுத்துக்கொள்ளும் என்பது வேறு கணக்கு. முளைகட்டுவதும் கூழுக்கு மாவைப் புளிக்கவைப்பதும் அதைக் கூட்டிக் கொடுக்கும். கொள்ளில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம். பி12 மட்டும் எந்தக் கீரையிலும் கிடையாது. முழுக்கவே விடுகிறவர்கள் மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா மகளிடம் நான் பிடிவாதமாகச் சொன்னது இது ஒன்றைத்தான்.

இதே ராகிக்கு இலங்கையில் குரக்கன் என்று பெயர். பிட்டாக அவிப்பார்கள், ரொட்டியாகச் சுடுவார்கள், நம் களி மாதிரிக் கிண்டிப் பார்த்ததில்லை என்றார் தையல் அக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள்கட்டியவர்கள் திருச்சி, மதுரையோடு சேலம் ஜில்லாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போனார்கள். களி தின்று வளர்ந்தவர்கள் அவர்கள். தோட்டத்தில் பங்கீடாகக் கிடைத்தது அரிசி, பிற்காலத்தில் கோதுமை மாவு. லயத்து அடுப்பில் களி போய் ரொட்டி வந்தது. தேங்காய்ப்பூ பிசைந்த தடித்த ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் இன்றைக்கு மலையகத்தின் அடையாளம். மாசி சேராவிட்டால் அதுவும் நனிசைவம்தான். யாரும் கொள்கைக்காக அப்படிச் சாப்பிடவில்லை, கூலி அவ்வளவுதான் இருந்தது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானபின் திரும்பி வந்த குடும்பங்கள் அந்த ரொட்டியையும் கூடவே கொண்டுவந்தன.

தேங்காயை நம்பிய சமையலுக்கு ஒரு பலவீனம் உண்டு. 2025 தொடக்கத்தில் இலங்கையில் தேங்காய் விலை ஏறிய ஏற்றத்தில், பயிரை அழிக்கும் குரங்கையும் மயிலையும் எண்ண அரசாங்கமே மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் ஐந்து நிமிஷம் ஒதுக்கியது. பிழிவதற்குத் தேங்காய் இல்லாதபோது என்ன செய்வது என்று தையல் அக்காவிடம் கேட்டேன். “உங்கட மாதிரிக் கடைய வேண்டியதுதான்” என்று சிரித்தார்.

இந்த இரண்டு அடுப்பும் வருஷத்தில் ஒரு நாள் கிட்டத்தட்ட ஒரே சாமானைக் கையில் எடுக்கின்றன. ஆடி ஒன்று. யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்பு, நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாடிவைத்த பாட்டால் அந்நாளைத் தெரியாத பிள்ளை அங்கே இல்லை. வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்துக் கூழ் காய்ச்சி, பலாவிலையைக் கோலிக் குடிப்பார்கள். சேலம், நாமக்கல் பக்கம் அன்றைக்குத் தேங்காய் சுடுகிற நோம்பி. நார் உரித்துத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கிய தேங்காயில் ஒரு கண்ணைத் துளைத்து, கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல், பொட்டுக்கடலை எல்லாம் உள்ளே திணித்து, அழிஞ்சிக் குச்சியைச் செருகித் தீயில் காட்டுவோம். ஓடு வெடிக்கிற சத்தம் தெருவெல்லாம் கேட்கும். பிள்ளையாருக்கு வைத்தபின் உடைத்தால், பருப்பு தேங்காய்த் தண்ணீரிலேயே வெந்து வெல்லத்தோடு குழைந்திருக்கும்.

போன ஆடிக்குத் தையல் அக்கா ஒரு தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்தார். அக்கா மகள் ஒரு கையில் சுட்ட தேங்காய்ச் சில்லும் மறு கையில் கூழுமாக வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். “இதுல பால் இருக்கா?” என்று பழக்கதோஷத்தில் கேட்டாள். “இருக்கு பிள்ளை, தேங்காய்ப்பால்” என்றார் அக்கா. அம்மா கூழை ருசி பார்த்துவிட்டு, இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். இரண்டாவது டம்ளரையும் நீட்டினார்.