அரைப்படி நெல்லும் ‘குருதிப்புனலும்’

நெல் விளையும் கழனியின் வளத்தைப் பாடிய தமிழ்ப் புலவர் பலர். அறுத்தவன் கைக்கு வந்த கூலி நெல்லை அளந்து பார்த்தோர் சிலரே. அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர் இந்திரா பார்த்தசாரதி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றியவர் என்பதால் தலைநகர்த் தமிழர்க்கு அவர் அயலார் அல்லர். 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவரது ‘குருதிப்புனல்’, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையைக் கருவாகக் கொண்டது.

அக்கொடுமையின் வேரில் நெல் இருந்தது. 1960-களில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் தஞ்சைத் தரணியில் பரவிற்று, விளைச்சல் பெருகிற்று. பெருகியதில் தமக்கும் பங்கு வேண்டுமென உழவுத் தொழிலாளர் கேட்டனர். அரைப்படி நெல் உயர்வு கேட்ட போராட்டம் என்றே அது மக்கள் நினைவில் நிற்கிறது. கூலி நெல்லைக் குத்தி உலையிலிடும் வீட்டில் அரைப்படி என்பது ஒரு வேளைப் பசி.

நாவலோ இவ்வேரை விட்டு வேறோரிடத்தில் தோண்டுகிறது. நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறையும் அதனால் எழும் தாழ்வுணர்ச்சியும் அழிவுக்கு முதற்காரணமாக நிறுத்தப்படுகின்றன. பாத்திரப் படைப்புக்கு இஃது ஆழம் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அவன் மனம் நலமுற்றிருந்தால் கூலி உயர்ந்திருக்குமோ என்ற வினா எழுகிறது. அதற்கு நாவலில் விடையில்லை. நிலவுடைமை ஒருவருடைய நோயால் நிலைபெற்றதன்று.

மற்றொன்றும் கூறவேண்டும். தில்லியிலிருந்து ஊருக்கு வந்த கோபாலும் அவனைத் தேடி வரும் சிவாவும் நிறையப் பேசுகிறார்கள். நாற்று நட்டவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் ‘சேற்றில் மனிதர்கள்’ (1982) இக்குறையை நிரப்புகிறது. அங்கே நடவும் அறுவடையும் கூலியும் சேற்றில் நிற்பவர்தம் அன்றாட வாழ்வாகவே விரிகின்றன. கலைச் செறிவில் முன்னதும், வாழ்வின் நெருக்கத்தில் பின்னதும் விஞ்சும் என்பது என் கருத்து.

எனினும், அக்காயம் ஆறுமுன்னரே வெண்மணியை நாவலாக்கிய துணிவு சிறியதன்று. ஊரை விட்டு வந்து, அரிசியைக் கடையில் மட்டுமே காணும் நம் பிள்ளைகளுக்கு இவ்விரு நூல்களையும் சேர்த்தே கொடுப்போம். கோபாலும் சிவாவும் நம்மைப் போன்ற நகரத்தார். அவர்கள் கண்வழித் தொடங்கும் வாசிப்பு, நாற்று நட்டவளின் கண்வழி நிறைவு பெறட்டும்.