இரண்டு நங்கூரங்கள் இருந்தும் பிடிக்காதது ஏன்?

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு வெளியே கடலடி மெல்லச் சரிகிறது. மணலும் சேறுமான தரை. முற்காலக் கப்பல்கள் கரையை நெருங்காமல் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. வடகிழக்குக் காற்றில் அங்கே ஒதுங்க இடமில்லை. ஆனால் நங்கூரம் பிடிக்க ஏற்ற தரை. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஜோஷ்வா ஸ்லோக்கத்தின் பயண நூலைப் படித்துப் பாருங்கள்.

1895 முதல் 1898 வரை ‘ஸ்பிரே’ என்ற சுமார் 11 மீட்டர் நீளப் பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். நூல் 1900-இல் வெளிவந்தது. விறுவிறுப்பிலும் நகைச்சுவையிலும் குறையே இல்லை. ஆனால் மகெல்லன் ஜலசந்திப் பகுதியில் அறிவியல் மாணவர் சற்று நின்றே ஆக வேண்டும். தென் அட்சரேகை 53 டிகிரியை ஒட்டிய அந்தக் குளிர்க்கடலில், மலை சூழ்ந்த ஒரு சிறு குடாவில் இரண்டு நங்கூரங்களுடன் படகு நிற்கிறது. மலையுச்சியிலிருந்து திடீரென இறங்கிய காற்று அதை இறகுபோல் ஆழ்கடலுக்குத் தள்ளிவிடுகிறது. அந்த மலைச்சரிவில் மரம் முளைக்காததில் வியப்பில்லை என்று கேலி செய்துவிட்டு ஆசிரியர் மேலே போய்விடுகிறார்!

காரணத்தை நாம்தான் தேட வேண்டும். நங்கூரம் எடையால் மட்டும் படகை நிறுத்துவதில்லை. அதன் நகம் தரையில் புதைய வேண்டும். அதற்கு இழுப்பு கிடைமட்டமாக அமைய வேண்டும். ஆகவே வடத்தின் நீளம் ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும். 6 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர் போதும். 30 மீட்டர் ஆழமென்றால் 150 மீட்டர்! பனியாறுகள் குடைந்த அக்குடாக்களில் கரையருகிலேயே ஆழம் செங்குத்தாகக் கூடுகிறது. நங்கூரம் சற்று இழுபட்டாலும் விளிம்பைத் தாண்டி நீரில் தொங்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தமோ நான்கு மடங்கு. மலை மறைவு தருகிறது என்று நம்பிய இடத்தில் அந்த மலையே காற்றை இறக்கிவிடுகிறது.

அங்குள்ள ராட்சதக் கடற்பாசியும் ஒரு தடை. பாறையைப் பற்றி வளரும் அதன் மீது விழும் நங்கூரம் தரையைத் தொடாமலே சிக்கிக்கொள்ளும். அது மூழ்கிய பாறைகளைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும், அலையைத் தணிக்கும் என்பதையும் ‘பீகிள்’ பயணத்தில் வந்த டார்வின், ஸ்லோக்கத்துக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். அத்தகைய விளக்கங்களை ஸ்லோக்கத்திடம் எதிர்பார்க்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. அப்பகுதியின் பழங்குடிகள் அவர் நூலில் காட்டுமிராண்டிகளாகவே வருகின்றனர். இரவில் படகில் ஏறியவர்கள், அவர் தளத்தில் பரப்பிய சிறு ஆணிகளை மிதித்து அலறுவது இன்றும் பலரைச் சிரிக்க வைக்கும் காட்சி. அதே ஆண்டுகளில் குடியேறிகளின் துப்பாக்கியாலும் தொற்றுநோய்களாலும் அத்தீவுகளின் மக்கள் அழிந்துகொண்டிருந்தனர் என்பது நூலில் உறைக்கவேயில்லை.

தெற்கே இருந்த யாகான் மக்களிடம் இரும்பு நங்கூரம் கிடையாது. ஆண்களைக் கரையில் இறக்கிவிட்டபின், பெண்கள் தோணியைக் கடற்பாசித் திட்டுக்குத் தள்ளிச் சென்று அந்தப் பாசியிலேயே கட்டிவிட்டு, குளிர்நீரில் நீந்திக் கரையேறினர். பாசியின் பிடிப்பு பாறையில். அலையும் அங்கே குறைவு.