எண்ணிக்கையும் பணியும்: ‘என் சரித்திரம்’ காட்டும் பதிப்புத் திட்டம்

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. இந்நூலை ஏட்டுச்சுவடி தேடிய வரலாறாகவும் குருபக்தியின் ஆவணமாகவும் வாசிப்பதே பெருவழக்கு. பணியைத் திட்டமிடுதல் பற்றிய நூலாக வாசிப்பதற்கும் இதில் இடமுண்டு என்பது நம் கருத்து. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை வெளியிட்டீர் என்று வினவப்படும் பல்கலைக்கழகச் சூழலில் இருந்துகொண்டு நாம் இதனை வாசிக்கிறோம்.

1880ஆம் ஆண்டில் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன நூல்கள் பாடம் கேட்டீர் என்ற வினாவுக்கு, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என நீண்ட பட்டியலை அவர் அடுக்கினார். முதலியார் அதனைப் பொருட்படுத்தாது, சிந்தாமணியும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். இந்நிகழ்ச்சியைப் பழைய இலக்கியம் சிற்றிலக்கியத்தை வென்ற கதையாகச் சொல்வோர் பலர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. சிற்றிலக்கியங்களில் பெற்ற மொழிப்பயிற்சி இல்லையேல் சிந்தாமணிச் சுவடியை அவரால் படித்திருக்கவே இயலாது. பட்டியலில் குறைந்தது நீளமன்று. அதனை ஒருமுகப்படுத்தும் ஒரு வினாவே அதில் இல்லை. அவ்வினாவை முதலியார் அளித்தார்.

சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். இடைப்பட்ட ஏழாண்டுகளே நம் கவனத்திற்குரியவை. சைவச் சூழலில் வளர்ந்தவருக்குச் சமணக் கோட்பாடுகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சைனர்களை நாடி அவர்தம் சமய மரபைக் கற்றார். பிரதி ஒன்றோடொன்று மாறுபட்டது. மேலும் பிரதிகளைத் தேடினார். நச்சினார்க்கினியர் தம் உரையில் பெயர் சுட்டாது பல நூல்களின் அடிகளை எடுத்தாண்டிருந்தார். அவை எந்நூலின்கண் உள்ளன என்று குறித்துக்கொண்டே வந்தார். இக்குறிப்புகளை அன்று யாரேனும் ‘வெளியீடு’ என்று கணக்கிட்டிருப்பரா? ஆயினும் அம்மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடும் முயற்சியே அவரைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளில் உறங்கிக்கிடந்த பாட்டும் தொகையுமாகிய சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று பின்னர் விரைந்து வந்த பதிப்புகளின் விதை அவ்வேழாண்டுகளில் ஊன்றப்பட்டது. ஒரு பணியில் எழுந்த ஐயம் அடுத்த பணியைத் தீர்மானித்தது. திட்டம் என்று நாம் குறிப்பிடுவது இதனையே.

மணிமேகலை 1898இல்தான் வெளிவந்தது. பௌத்தக் கலைச்சொற்கள் தெளிவுறும்வரை, கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்த பின்னரே அதனை அச்சிற்குத் தந்தார்.

சி.வை. தாமோதரம் பிள்ளை சிந்தாமணியைத் தம்மிடம் பதிப்பிக்கக் கொடுத்துவிடுமாறு கேட்ட செய்தியும் ‘என் சரித்திரத்தில்’ உள்ளது. அவர் வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சேற்றிய பேருழைப்பாளர். அவரைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மையாகும். நூல் விரைவில் வெளிவர வேண்டும் என்பது ஒன்றே நோக்கமாயின், சாமிநாதையர் அதனைக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. அந்நூலைத் தாமே முழுதும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்னும் வேட்கை அவரிடம் இருந்தது. இதில் புகழ் நாட்டத்தின் சாயலும் கலந்திருக்கலாம். அதனை மறைக்க வேண்டியதில்லை.

எனினும் இந்நூலை அப்படியே முன்மாதிரியாகக் கொள்வதில் இடர் உண்டு. சாமிநாதையருக்குக் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் ஊதியம் கிடைத்தது. அது பாடம் நடத்துவதற்கான ஊதியம். பதிப்பு ஏழாண்டு நீண்டாலும் அவ்வூதியம் நிற்கவில்லை. அச்சுச் செலவுக்குக் கையொப்பம் திரட்டிப் பட்ட துன்பங்களை விரித்துரைக்கும் அவர், அக்காலமெல்லாம் இல்லத்தை நடத்திய பெண்டிரைப் பற்றிக் கூறுவது மிகக் குறைவு. ஆராய்ச்சியாளனின் ஓய்வில்லாத இரவுகளை வியக்கும் நம் திறனாய்வாளர்களும் அம்மௌனத்தைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் பணியாற்றும் இளம் விரிவுரையாளரிடம் ‘சாமிநாதையரைப் போல் பொறுத்திரு’ என்று அறிவுரை கூறுவது எளிது. அடுத்த ஒப்பந்தம் கட்டுரை எண்ணிக்கையைப் பொறுத்ததாயின் அவ்வறிவுரைக்குப் பொருளில்லை. மாற்றம் தொடங்க வேண்டிய இடம் துறைகளின் ஆண்டறிக்கைப் படிவம் என்பது நம் துணிபு. எத்தனை வெளியீடு என்னும் கட்டத்திற்கு அருகில், மேற்கொண்ட ஆய்வின் வினா யாது, இவ்வாண்டு எத்தனை பிரதிகள் ஒப்புநோக்கப்பட்டன, எச்சொல்லடைவு முடிந்தது, எந்த ஐயம் இன்னும் தீரவில்லை என எழுதுவதற்கும் கட்டங்கள் வேண்டும். 1883இல் சாமிநாதையரிடம் அத்தகைய படிவம் ஒன்று நீட்டப்பட்டிருப்பின், முதற்கட்டத்தில் சிந்தாமணிக்கென அவர் எழுதத்தக்கது ஒன்றுமில்லை. ஏனைய கட்டங்களுக்கோ தாள் போதாது.