ளகர ஒற்றைத் தேடி

ஆண்டாளும் பெருமாளும் ஒரே பட்டியலில் வந்து நின்றார்கள். அவர்களோடு நாள், தாள், வாள், வேலையாள். நடுநடுவே என்றாள், கேட்டாள், அழுதாள். என் முதுகலை மாணவி திரையைப் பார்த்துவிட்டு, "பெருமாளப் பொம்பளைங்களோட சேத்துருச்சும்மா" என்று சிரித்தாள். நாங்கள் கணினியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கதைகளில் 'ஆள்' என்று முடியும் சொற்களையெல்லாம் எடுத்துக் கொடு. அது சொன்னபடி செய்திருந்தது. சில கோப்புகளிலிருந்து 'தோள்' வேறு வந்திருந்தது. தட்டச்சு செய்தபோது ஓகாரக் குறி இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாக உடைந்து பதிவாகியிருந்ததால், கணினிக்கு அந்தக் காலும் ளகர ஒற்றும் மட்டுமே கண்ணில் பட்டிருக்கின்றன.

ஆன்ட்கான்க் என்னும் மென்பொருளைத்தான் பயன்படுத்தினோம். ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கியது, விலையில்லாதது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வருகிற இடங்களையெல்லாம் முன்னும் பின்னும் சில சொற்களோடு வரிவரியாக அடுக்கிக் காட்டும். முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. தமிழ்ச் சொற்கள் துண்டு துண்டாக உதிர்ந்து விழுந்தன. தவறு எங்களுடையது. யூனிகோடில் 'க' எழுத்து. அதன் மேல் ஏறும் கொம்பும் காலும் புள்ளியும் எழுத்தல்ல, குறிகள். எழுத்துகளை மட்டுமல்லாமல் குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள் என்று அமைப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல் எங்கே முடிகிறது என்பதையே நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்றால், கருவி ஆய்வுக்குத் துணை நிற்கிறதா, இல்லை நம் கோட்பாட்டை நம்மிடமே ஒப்பிக்கிறதா என்று அன்றைக்கே எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது.

'ஆள்' என்று தேடச் சொன்னது எங்கள் மூளையல்ல, தொல்காப்பியம். ளகர ஒற்றில் முடிந்தால் மகடூஉ, னகர ஒற்றில் முடிந்தால் ஆடூஉ என்று கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே வகுத்துவிடுகிறார். கணினிக்குக் கொடுக்கிற தேடல் கட்டளையைப் போலவே இருக்கிறது அந்த விதி. ஆனால் அவர் திணையும் பாலும் பொருளோடு சேர்ந்தே வருவதாகக் கொண்டவர். பெருமாளைக் கண்டு குழம்பியிருக்க மாட்டார். நாங்கள் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளைக் கழற்றிவிட்டோம். அதனால் வேண்டாததெல்லாம் வந்தது, வேண்டியது பல வராமலும் போயிற்று. 'வந்தாளே', 'சொன்னாளென்று', 'போனாளா' எதுவும் ளகர ஒற்றில் முடிவதில்லை. ஐயப்பட்டும் இரங்கியும் பேசப்பட்ட பெண்கள் எல்லாம் வலையிலிருந்து நழுவிவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வு பெண்பாத்திரங்களின் வினைகளைப் பற்றியது. அட்டைகளில் எழுதி, நூல் கட்டி, செருப்பு வாங்கிய பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தேன். 'அழுதாள்', 'காத்திருந்தாள்', 'குனிந்துகொண்டாள்' அட்டைகள் கை கொள்ளாமல் இருந்தன. இக்கதைகளில் பெண் செயலற்றவளாகவே படைக்கப்படுகிறாள் என்று முடிவு எழுதினேன். பட்டமும் கிடைத்தது. அதே கதைகளில் சிலவற்றைத்தான் இந்தப் பெண் இப்போது தட்டச்சு செய்து உள்ளிட்டிருந்தாள். பட்டியலின் உச்சியில் நின்றது 'என்றாள்'. அதற்கு என்னிடம் ஒரு அட்டைகூட இல்லை. உரையாடலை முடித்து வைக்கும் வெறும் ஒட்டுச்சொல் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். பெண்கள் பக்கத்துக்குப் பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள்; நான் அவர்கள் அழுவதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். பரிவோடுதான் எண்ணினேன். பரிவுக்கும் காது மந்தமாகும் போலிருக்கிறது.

அடுத்து வந்தது 'கேட்டாள்'. தமிழில் இந்த ஒரு சொல் செவிகொடுத்தாள் என்றும் பொருள்படும், வினவினாள் என்றும் பொருள்படும். எண்ணிக்கைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் பணிந்து செவிகொடுப்பவளும் எதிர்நின்று வினவுபவளும் ஒருத்தியா? என் அட்டைகளில் ஏறக்குறைய எல்லாமே செவிகொடுத்தல்தான். இப்போது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நின்றபோது, முன்னால் வருகிற மேற்கோள் குறியும் வினாவும் வேறு கதை சொல்லின. அதையும் மென்பொருள் சொல்லவில்லை. பிரித்தவள் என் மாணவி, வரி வரியாக, இரண்டு மாதம் உட்கார்ந்து. கருவி தந்த உதவி ஒன்றுதான்: எனக்குப் பிடித்த வரிகளை மட்டும் பொறுக்க விடாமல் எல்லா வரிகளையும் கண்முன் நிறுத்தியது. அது சின்ன உதவி இல்லை.

இந்த உற்சாகத்தில் அவள் அடுத்து தன் அப்பத்தா பாடிய ஒப்பாரிகளைப் போட்டுப் பார்த்தாள். கைப்பேசியில் பதிந்து, பேச்சு வழக்கு மாறாமல் எழுதியவை. பெண்பால் வினைமுற்று என்று சொல்ல அனேகமாக எதுவும் அகப்படவில்லை. பெண்கள் கட்டி, பெண்கள் பாடி, பெண்களே சுற்றி உட்கார்ந்து கேட்கிற ஒரு வடிவத்தில் பெண்பால் இல்லை!

காரணம் புதிரல்ல. முதலாவது, ஒப்பாரி 'நான்' என்றும் 'நீ' என்றும் பேசுகிறது. தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் ஆண், பெண் என்ற பால் வேறுபாடு கிடையாது. 'வந்தேன்' என்றவள் பெண்ணா ஆணா என்று விகுதி சொல்லாது. ளகர ஒற்று படர்க்கைக்கு உரியது. அதாவது பெண் பேசும்போது அல்ல, பெண்ணைப் பற்றி இன்னொருவர் பேசும்போது ஒட்டிக்கொள்வது. ஒரு பிரதியில் பெண்பால் விகுதி மிகுந்திருப்பதைப் பெண்ணின் இருப்புக்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகளைக் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். அவை அளப்பது பெரும்பாலும் பெண் பார்க்கப்பட்ட அளவைத்தான்.

இரண்டாவது, பேச்சில் அந்த ளகரமே உதிர்ந்துவிடுகிறது. 'அவ வந்தா' என்கிறோம். அவனுடைய னகரமோ மூக்கொலியாகவாவது தங்குகிறது. எழுதும்போது 'அவன் வந்தான்' என்று முழுசாகவே எழுதுகிறோம். இதை ஆணாதிக்கம் என்று சொன்னால் மொழியியல் படித்த என் தோழி சிரிப்பாள், சரியாகவே. 'வந்தால்' என்பதும்தான் 'வந்தா' ஆகிறது. இது ஒலியின் போக்கு. ஆனால் அந்த ஒலிப்போக்கை அறியாமல் எண்ணத் தொடங்கினால் விளைவு என்ன? வட்டார வழக்கில் எழுதிய பிரதியில் ஆண் கிடைப்பான், பெண் கிடைக்க மாட்டாள். கிடைக்கிற 'வந்தா'வும் அவள் வருகையா, வந்தால் என்ற நிபந்தனையா என்று தெரியாது.

மரியாதை கொடுத்தாலும் இதே கதிதான். 'அவர் எழுதினார்' என்றதும் பால் மறைந்துவிடுகிறது. ஒரு பெண்கவிஞரைப் பற்றி நான் எழுதிய பத்தியை மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் போட்டபோது ஆங்கிலத்தில் அவர் ஆணாகிவிட்டிருந்தார். மரியாதை குறைத்தாலும், அல்லது செல்லம் கூடினாலும், 'அந்தப் பொண்ணு வந்துச்சு' என்று அஃறிணைக்குப் போய்விடுகிறோம். உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் அவள் அந்த ஒற்றை விட்டு நகர்ந்துவிடுகிறாள். விகுதியை மட்டும் தேடுகிற நிரலுக்கு அவள் அகப்பட வேண்டுமென்றால் உயரவும் கூடாது, தாழவும் கூடாது, பேசவும் கூடாது.

மென்பொருளே வேண்டாம் என்று சொல்லும் தமிழ்த்துறைகளோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கருவி இல்லாவிட்டால் என் செருப்புப்பெட்டிகள் இன்னும் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் எண்களை அட்டவணையாக்கி ஆய்வேட்டின் நடுவில் ஒட்டிவிட்டு 'கணினிவழி நிறுவப்பட்டது' என்று எழுதுகிற புது மோஸ்தரோடும் உடன்பாடில்லை. தேடல் பெட்டியில் என்ன எழுதினோம், ஏன் அதை எழுதினோம், எது அகப்படாமல் போனது என்ற மூன்றும் ஆய்வேட்டில் இருக்கட்டும். என் மாணவி முதல் இயலாகவே அதை வைத்திருக்கிறாள், பெருமாள் உட்பட.

ஒப்பாரிகளுக்கு அவள் இப்போது வேறு வழி எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு வரியையும் ஒரு எக்செல் கோப்பில் இட்டு, பக்கத்தில் 'யார் பேசுகிறார்' என்று ஒரு பத்தி. அதை நிரப்ப மென்பொருள் இல்லை. விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டிக் கேட்கிறாள். மகள், தங்கச்சி, நாத்தனார் என்று அவர் சொல்லச் சொல்ல இவள் நிரப்புகிறாள். ஒரு வரிக்கு மட்டும் அப்பத்தா யோசித்து, "இது செத்தவ சொல்றதா, நாஞ் சொல்றதான்னு எனக்கே தெரியல தாயி" என்றிருக்கிறார். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நானும் நிரப்பச் சொல்லவில்லை.