பழகும் நாளுக்கும் கூலி உண்டு

சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று நாட்கள் இன்னும் நினைவில் நிற்கின்றன. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போன சேலைகளைக் கரை வெளியே தெரியும்படி மடித்து, விலை அட்டை மேலே வருமாறு அடுக்க வேண்டும். முதல் நாள் நான் மடித்ததையெல்லாம் மூத்த அக்கா ஒருவர் பிரித்து மறுபடி மடித்தார். மூன்றாம் நாள் என் அடுக்கை அவர் தொடவேயில்லை. நான்காம் நாள்தான் வருகைப் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. மாதச் சம்பளத்தில் அந்த மூன்று நாட்கள் இல்லை. கேட்டபோது, "அது வேலை பழகின நாள்மா" என்றார் கணக்கர்.

முதலாளியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. புதிதாக வருபவர், வேலை தெரிந்த ஒருவரின் நேரத்தையும் சேர்த்துத் தின்கிறார். பழகி முடித்த கையோடு நான்காம் நாள் நின்றுவிடுபவர்களும் உண்டு. இரண்டு மூன்று பேரை வைத்து நடக்கும் சிறு கடைக்கு அது உண்மையான நஷ்டம். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1947-இல், போர்ட்லண்ட் டெர்மினல் ரயில் நிறுவன வழக்கில் இந்த வாதத்தை ஏற்றது. அங்கே ஏழெட்டு நாள் பயிற்சி பெற்றவர்கள் நிரந்தர ஊழியர்களின் இடத்தை நிரப்பவில்லை, நிறுவனத்தின் வேலைக்குச் சில சமயம் இடைஞ்சலாகவே இருந்தார்கள். ஆகவே அவர்கள் ஊழியர்கள் அல்ல என்பது தீர்ப்பு. ஆனால் அந்த நிறுவனமும் 1943 அக்டோபர் முதல், பயிற்சியில் தேறியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 டாலர் கொடுத்துவந்தது.

பலன் யாருக்கு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அளவுகோல். அதன்படி முதல் நாள் நான் கடைக்குச் சுமை, மூன்றாம் நாள் லாபம். ஆனால் மூன்று நாளும் எப்போது வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்போது சாப்பிடலாம் என்பதைக் கடைதான் தீர்மானித்தது. கற்றதிலும் பாதி, எந்த அலமாரியில் எந்த விலை, எந்தத் தளத்தில் பில் என்பதுதான். அந்தக் கடைப் படியைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை.

"விரும்பித்தானே வந்தார்" என்பார்கள். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் நம் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. வறுமை தரும் நெருக்கடியும் கட்டாயமே. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பே என்றது அத்தீர்ப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி எடுக்கப்பட்டவர்களை 'பணியாளர்' வரையறையிலிருந்து விலக்குகிறது. அவர்களுக்கும் உதவித்தொகை உண்டு. கடைக்காரர் வாயால் சொல்வதால் மட்டும் யாரும் அந்தச் சட்டத்தின் பழகுநர் ஆகிவிட மாட்டார்.

கூலி கொடுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. செலவுக்கு அஞ்சிப் பயிற்சியையே சுருக்கிவிடுவார்கள். இயந்திரம் ஓடும் பட்டறையில் அப்படிச் சுருக்கினால் விரல் போகும். ஆகவே பாதுகாப்புப் பயிற்சிக்கு இத்தனை நாள் என்று கறாராக வரையறுத்தாக வேண்டும். மறுபுறம், கூலியில்லாத பயிற்சிக்கு நீளும் குணம் உண்டு. மூன்று நாள் ஏழாகும், ஏழு பதினைந்தாகும். சுருங்குவதைச் சட்டத்தால் தடுக்கலாம். நீள்வதைத் தடுக்கும் வலு வேலை தேடி வந்தவரிடம் இல்லை.

இடையில் நிற்பவரைப் பற்றிய கவலைக்கும் வழி இருக்கிறது. ஆளை எடுக்கும் முன்பே வேலை நேரத்தையும் சம்பளத்தையும் ஒளிக்காமல் சொன்னால் பாதிப்பேர் நான்காம் நாள் நிற்க மாட்டார்கள். அப்படியும் நின்றால், விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடிக்கச் சொல்லும் புதிய சட்டப்படி, பழகிய நாட்களின் கூலியைக் கொடுத்து அனுப்புவதே முறை.

முதல் நாள் காலையிலேயே பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏறாதவர் இரண்டாம் நாள் ஏணியிலிருந்து விழுந்தால், அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்குக்கூடச் சாட்சி இருக்காது.